டாக்டர் ஹோல்கமின் ட்ரக்

குளிர்காலம் வந்தால் எங்கள் ஏரி உறைந்து ரோடாகிவிடும், அதன் மேல் ஓட்டிப் போய் யாராவது ஒருத்தன் ட்ரக்கை மூழ்கடிப்பான். அதை வெளியே இழுத்துப் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. என் புருஷன் ஆர்வில் பனிக்கட்டியை அறுத்து ஓட்டை போட்டு, ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, ட்ரக்கின் அச்சில் சங்கிலியைக் கொக்கி போட்டு மாட்டுவான். மேலே நான் அந்தச் சங்கிலியைச் சுற்றி இழுக்கிற விஞ்சை ஓட்டுவேன். கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான். வடக்கு விஸ்கான்சினில், மரம் வெட்டுவதையும் பீர் ஊற்றிக் கொடுப்பதையும் விட்டால் வேறு என்ன தொழில் இருக்கிறது?

போன இலையுதிர்காலத்தில் ஆர்வில் கையிலிருந்து சாமான்கள் விழ ஆரம்பித்தன. முதலில் காபிக் கோப்பை, அப்புறம் ஸ்பேனர். மான் வேட்டைக்குப் போனவன் துப்பாக்கியில் தோட்டாவைப் போட முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். அவனாக என்னிடம் சொல்லவில்லை. கூடப் போன அவன் சித்தப்பா மகன் டெல்மர்தான் சொன்னான். நடையும் மாறிவிட்டது. ஆடுகிற படகில் நிற்பவனைப் போல, கெட்டித் தரையிலேயே காலை அகட்டி வைத்து நடந்தான்.

டாக்டர் நீமி எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் எலும்பு ஆபரேஷன் செய்கிறவர். கெட்டிக்காரப் பெண்மணி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். கழுத்து எலும்பு தண்டுவடத்தை நசுக்குகிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் விரல்கள் தப்பிக்கும், தள்ளிப்போட்டால் போன விரல் போனதுதான், அடுத்து கால் என்றார். ஆர்வில் ஒரே ஒரு கேள்வி கேட்டான், மறுபடி தண்ணீருக்குள் இறங்க முடியுமா என்று. இப்போதே செய்தால் முடியும் என்றார் அவர்.

ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் சரி என்று சொல்ல வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இவர்களுக்காகவே சொன்னது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், வக்கீல் நோட்டீஸ் அனுப்ப மட்டும் அவர்களுக்கு உடனே நேரம் கிடைத்துவிடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த பிரீமியத்தைத்தான் பிள்ளை மாதிரி மாதாமாதம் தீனி போட்டு வளர்த்தோம். பதிலுக்கு ஒரு கடிதம் வந்தது. நோயாளி முதலில் கழுத்துக்கான உடற்பயிற்சிகளைச் செய்து பார்க்க வேண்டும், தற்போதைய நிலையில் அவர் தமது வழக்கமான வேலைகளைச் செய்யத் தகுதியானவரே என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து: டாக்டர் கிரெய்க் ஹோல்கம், மருத்துவ ஆலோசகர்.

சரி, செய்து பார்ப்போம் என்று போனோம். ஒரு சின்னப் பெண் ஆர்வில் கையில் ரப்பர் பட்டையைக் கொடுத்து இழுக்கச் சொன்னாள். பட்டை அடிக்கடி கையிலிருந்து நழுவி அவள் முகத்திலேயே அடித்தது, பாவம். மறுபடி விண்ணப்பித்தோம். போதுமான அளவு உடற்பயிற்சி செய்யவில்லை என்று மறுபடி அதே கையெழுத்தோடு கடிதம் வந்தது.

நான் போன் செய்தேன். போன் செய்தேன் என்று சொல்வதைவிட, போனில் குடியிருந்தேன் என்று சொல்வது பொருத்தம். குழாய் சொட்டுகிற மாதிரி ஒரு பியானோ, நடுநடுவே 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு பெண் குரல். மான்கறி வெந்து இறங்கும், பாத்திரம் கழுவி முடியும், அந்தப் பியானோ மட்டும் முடியாது. கடைசியில் டாக்டர் நீமியே பேசிப் பார்க்கிறேன் என்றார். டாக்டரோடு டாக்டர் பேசினால் சில சமயம் காரியம் நடக்குமாம். இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில் வெளியே வந்து, நடைபாதையில் நின்று பேசியிருக்கிறார். அந்தப் பக்கம் ஹோல்கம் எதையோ மொறுமொறுவென்று மென்றுகொண்டே கேட்டாராம். 'விதிப்படி முடியாது' என்று சொல்லி வைத்துவிட்டாராம். என்ன தின்றார் என்று தெரியவில்லை, உருளைக்கிழங்கு சிப்ஸ் மாதிரி இருந்தது என்றார் டாக்டர் நீமி. இதைச் சொல்லும்போது அவருக்கே முகம் சிவந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது ரொம்பக் குறைச்சல். அந்த ஆள் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று யோசித்தபடியேதான் தினமும் தூங்கினேன், யோசிக்க யோசிக்க நன்றாகத் தூக்கம் வந்தது. கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன். பால் எடுக்கும்போதெல்லாம் படிப்பேன்.

"அதைக் கழட்டிப் போடேன்" என்றான் ஆர்வில்.

"ஃப்ரிட்ஜ்ல வச்சா கோபம் கெட்டுப்போகாது" என்றேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலையில் போன் அடித்தது.

"ட்ரக் இழுக்கறவங்களா? என் ட்ரக் ஏரிக்குள்ள போயிடுச்சு" என்றது ஒரு ஆண் குரல். படித்த குரல், கட்டளையிட்டுப் பழகிய குரல்.

"உள்ள ஆளுங்க யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்ல, நான் மட்டும்தான் இருந்தேன். பின்சக்கரம் எறங்கும்போதே குதிச்சுட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"முனையில பச்சைக் கூரை வீடு இருக்குல்ல, அது நம்ம வீடுதான். அதுக்கு நேரா. சுத்திப் போக வேணாமேன்னு குறுக்க விட்டேன்."

"அங்க வரிசையா கிறிஸ்துமஸ் மரம் நட்டு வச்சிருந்தோமே, பாக்கலையா?"

"பாத்தேன். பண்டிகை முடிஞ்சு யாரோ குப்பையைக் கொட்டிட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன்."

புது வருஷம் பிறந்ததும் ஊரில் எல்லோரும் தங்கள் வீட்டு மரத்தைக் கொண்டுவந்து கொடுப்போம். அவற்றைப் பனிக்கட்டியில் துளை போட்டு வரிசையாக நட்டு வைப்போம். மரங்களுக்கு உள்ளே ஓட்டினால் ரோடு, வெளியே போனால் ஓடை வந்து கலக்கிற இடம், அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் பனிக்கட்டி அப்பளம் மாதிரி இருக்கும். இது இங்கே ஐந்து வயசுக் குழந்தைக்கும் தெரியும். ஏரிக்கரையில் வீடு வாங்கி லீவுக்கு மட்டும் வந்து போகிறவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கேட்பதும் இல்லை.

"சரி, பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"டாக்டர் கிரெய்க் ஹோல்கம்."

என் கையில் பென்சில் நின்றுவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள், எனக்கு நேராக அடுப்படிக்கே வந்துவிட்டது.

"எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியெல்லாம் விட்டாச்சு. இப்ப இன்ஷூரன்ஸ் கம்பெனியில ஆலோசகர். ஏங்க, அதெல்லாம் எதுக்கு? எப்ப வருவீங்க?"

"கொஞ்சம் லைன்லயே இருங்க" என்று சொல்லி போனை மேசையில் வைத்தேன். காபி போட்டேன். உட்கார்ந்து முழுசாகக் குடித்தேன். போனிலிருந்து ஹலோ ஹலோ என்று கொசு மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு ருசியான காபியை நான் வாழ்க்கையில் குடித்ததில்லை. பிறகு எடுத்து, மத்தியானம் வருகிறோம் என்றேன்.

அடுத்து கோர்டிக்குப் போன் செய்தேன். கோர்டி வென்செல் எங்கள் ஏரிக்குக் காவல் அதிகாரி. என்னோடு பள்ளியில் படித்தவன். ட்ரக் முழுகினால் அவனுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவன் நெஞ்சில் ஒரு கேமரா மாட்டியிருப்பான், டூட்டியில் இருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். அதுவும் சட்டம்தான். நான் எதையும் சட்டத்துக்கு வெளியே செய்யவில்லை.

ஆர்வில் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "எழுந்து ரப்பர் உடையைப் போடு" என்றேன்.

"நான் எறங்கணுமா?" என்று கையைப் பார்த்துக்கொண்டான்.

"எறங்க வேணாம். போட்டுக்கிட்டு வந்து நின்னாப் போதும். டெல்மரையும் வரச் சொல்லியிருக்கேன்."

"யாரு ட்ரக்கு?"

சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தான். என் ஆர்வில் சாது. சண்டை என்றால் தோட்டத்துக்குப் போய்விடுகிற ரகம்.

"விடு லோர்னா. எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன ஆகப்போகுது?"

"அந்த அம்புக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்க. கொஞ்சம் நோகட்டும்."

உடையை நான்தான் மாட்டிவிட்டேன். கையுறைக்குள் ஒவ்வொரு விரலாக நான்தான் நுழைத்தேன், குழந்தைக்குச் செய்கிற மாதிரி.

என் திட்டம் இதுதான். ஆர்வில் வழக்கமான வேலையைச் செய்யத் தகுதியானவன் என்று கையெழுத்துப் போட்ட மனுஷன் முன்னால் அவனை நிறுத்துவது. கடிதத்தை ஊரார் முன்னால் உரக்கப் படிப்பது. இவனை இப்போது தண்ணீருக்குள் அனுப்பு என்று அந்த மனுஷன் வாயாலேயே சொல்லச் சொல்வது. சொன்னாலும் மானம் போகும், சொல்லாவிட்டாலும் போகும். ஆனால் அதை நான் ஆரம்பிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏரியில் கூட்டம் கூடியிருந்தது. பனிக்கட்டி மேல் போட்ட மீன்பிடிக் குடிசைகளுக்குள் உட்கார்ந்து தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பார் நடத்துகிற ட்ரூடி பிராந்தி கலந்த காபியை ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிழவர் எய்னார் தன் மீன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மற்றவன் ட்ரக் முழுகுவதைவிடப் பெரிய பொழுதுபோக்கு ஜனவரியில் எங்களுக்குக் கிடையாது. கோர்டி ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருந்தான், நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிந்தது.

டாக்டர் ஹோல்கம் நல்ல உயரம், வெள்ளி முடி, புதுக் கோட்டு. மரியாதைக் குறைவாகப் பேச மாட்டேன், படித்த படிப்புக்காக டாக்டர் என்றே சொல்கிறேன். ஓட்டையில் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது, அடியில் ட்ரக்கின் கூரை மங்கலாக வெள்ளையாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, ஆர்வில் எங்கள் வண்டியிலிருந்து இறங்கி நடந்து வருவதைப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"ஒரு நிமிஷம். இவரையா தண்ணிக்குள்ள எறக்கப் போறீங்க?"

"ஆமா. ஏன்?" என்றேன்.

"அவரு நடக்கறதைப் பாத்தீங்களா? காலை அகட்டி அகட்டி வைக்கறாரு. சார், இங்க வாங்க. கையுறையைக் கழட்டுங்க."

ஆர்வில் என்னைப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன். கையை நீட்டினான். கையுறையைக் கழற்ற அவன் படுகிற பாட்டைப் பார்த்து டாக்டரே கழற்றினார். ஆர்விலின் நடுவிரலைப் பிடித்து, நகத்தைத் தன் கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டினார். ஆர்வில் கட்டைவிரல் தானாகத் துள்ளி மடங்கியது. மறு கையிலும் சுண்டினார். அதுவும் துள்ளியது. விரல்களை வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். ஆர்வில் விரல்கள் சேற்றில் மாட்டியது போல மெதுவாக நகர்ந்தன.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" டாக்டரின் குரல் மாறிவிட்டது. அதில் அக்கறை இருந்தது. உண்மையான அக்கறை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

"மான் வேட்டைக்கு முன்னாலேருந்து" என்றான் ஆர்வில்.

"கழுத்துல தண்டுவடம் நசுங்கிட்டிருக்கு. முப்பது வருஷம் இதைத்தான் அறுத்தேன், கண்ணைக் கட்டிக்கிட்டு சொல்லுவேன். இவரைத் தண்ணிக்குள்ள விட்டா கொலை. ஸ்கேன் எடுத்தீங்களா?"

"எடுத்தோம். அதுலயும் அப்படித்தான் சொல்லியிருக்கு" என்றேன். "அப்ப வேலை செய்யத் தகுதி இல்லைங்கறீங்களா டாக்டர்?"

"தகுதியா? சட்டைப் பொத்தான் போடக்கூட இவருக்குக் கை வராதும்மா."

"உடற்பயிற்சி செஞ்சா சரியாகிடாதா?"

"எந்த முட்டாள் சொன்னான்? உடற்பயிற்சி செஞ்சா இன்னும் மோசமாகும். ஒடனே ஆபரேஷன் பண்ணணும். உங்க டாக்டர் யாரு? இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"எங்க டாக்டர் அப்பவே கேட்டாங்க. இன்ஷூரன்ஸ்ல முடியாதுன்னுட்டாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "முறையீடு பண்ணுங்க. விடாதீங்க" என்று ஆர்வில் தோளைத் தட்டினார்.

"பண்ணினோம். பதிலும் வந்துச்சு. கண்ணாடி எடுத்துட்டு வரல, கையெழுத்து யாருதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் படித்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தது, காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் முகத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். இத்தனை மாதம் பியானோ கேட்டதற்கு அதுதான் கூலி.

"பேரு யாருது டாக்டர்?" என்றார் எய்னார், வாளி மேல் உட்கார்ந்தபடி. "இங்க எல்லாருக்கும் காது மந்தம். கொஞ்சம் சத்தமா படிங்க."

"கோர்டி, கேமரா ஓடுதா?" என்று கேட்டேன்.

"காலையிலேருந்து ஓடுது" என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே.

டாக்டர் கடிதத்தை மடித்தார். "இதுல நான் சொல்றதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். எங்களுக்குத் திரையில நாலு வரி வரும். ஆளை நாங்க பாக்கறதில்ல. கம்ப்யூட்டர் முன்னாடியே முடிவு பண்ணி அனுப்பிடும், நாங்க கையெழுத்து மட்டும்தான். ஒரு நாளைக்கு எவ்வளவு ஃபைல் வருதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"டாக்டர் நீமி உங்ககிட்ட வாயாலயே சொன்னாங்க. அப்ப நீங்க சிப்ஸ் தின்னுட்டு இருந்தீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ட்ரூடி சிரிக்கவில்லை. அவள் அக்காளுக்கு மார்பில் கட்டி வந்தபோது இதே மாதிரி இழுத்தடித்தார்கள், அவள் அக்காள் இப்போது இல்லை. ட்ரூடி ஃபிளாஸ்க்கை மூடிப் பனியில் வைத்துவிட்டு டாக்டருக்கு நேராக வந்து நின்றாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. அந்தக் கூட்டத்தில் அந்தத் தலைவலி வராத வீடே இல்லை. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருத்தராக ஓரடி முன்னால் வந்தார்கள்.

"இப்ப ஆளைப் பாத்துட்டீங்கல்ல? போன் பண்ணுங்க" என்றேன்.

அவர் அவசரமாகப் போனை எடுத்தார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு, சனிக்கிழமையும் எடுப்பாரு..."

"அந்த நம்பர் வேணாம். நாங்க கூப்பிடற நம்பர்ல கூப்பிடுங்க. எனக்கு மனப்பாடம், சொல்றேன்."

சொன்னேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். பியானோ ஆரம்பித்தது. ஏரி முழுக்க, காற்றோடு காற்றாக, அந்தக் குழாய் சொட்டுகிற பியானோ. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றாள் அந்தப் பெண். "முக்கியமாம்ப்பா" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். எய்னார் காலால் தாளம் போட்டார். டாக்டர் போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தார். கையுறையை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். எங்கள் ஊர்க் குளிரில் வெறும் கை சீக்கிரம் மரத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் போன் அவர் விரலிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார், விரல் வளையவில்லை, மறுபடி நழுவியது.

"இப்படித்தான் இருக்கும்" என்றான் ஆர்வில். அன்று அவன் அந்த ஆளிடம் தானாகச் சொன்னது அது ஒன்றுதான். சொல்லிவிட்டு, "போதும் லோர்னா" என்றான்.

எனக்குப் போதவில்லை. ஆனால் ஆபரேஷன் வேண்டும். உங்கள் நம்பரிலேயே கூப்பிடுங்கள் என்று விட்டுவிட்டேன். அவர் கூப்பிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை மாதம் வராதது இரண்டு நிமிஷத்தில் வந்தது. அதற்காகச் சந்தோஷப்படுவதா, அவர் கழுத்தைப் பிடிப்பதா என்று எனக்கே தெரியவில்லை. அனுமதி எண்ணை அவர் சொல்ல, கோர்டி எழுதினான். பிறகு டெல்மர் உள்ளே இறங்கிக் கொக்கி மாட்டினான், நான் விஞ்சை ஓட்டினேன். அந்த ஆளுக்காக இழுக்கவில்லை. ட்ரக்கிலிருந்து எண்ணெய் கசிந்தால் சாவது எங்கள் மீன்.

அடுத்த வாரமே டாக்டர் நீமி ஆபரேஷன் செய்தார். ஆர்வில் கால் தப்பித்தது, இப்போது ஒழுங்காக நடக்கிறான். முடிந்து வெளியே வந்த டாக்டர் நீமி என் பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாம் முதலில் கேட்டபோதே கொடுத்திருந்தால் விரலும் வந்திருக்கும், இனி வராது என்று நினைக்கிறேன் என்றார். தண்ணீருக்குள் என்று நான் ஆரம்பித்ததும் முடியாது என்று தலையை ஆட்டினார். நான் அழுதேன். ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆர்விலிடம் அவரே சொன்னார். அவன் சரி என்றான். ரப்பர் உடையை டெல்மருக்குக் கொடுத்துவிடு, அவனுக்கு அளவு சரியாக இருக்கும் என்றான்.

கோர்டியின் கேமராவில் பதிவான படம் மாநிலப் புகார் அலுவலகத்துக்குப் போயிற்று. கம்பெனி டாக்டர் ஹோல்கமை ஓய்வில் அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த நாற்காலியில் மறுநாளே வேறொருத்தர் உட்கார்ந்து கையெழுத்துப் போட ஆரம்பித்திருப்பார்.

மே மாதம் ஏரி உருகி, ஊரே படகை இறக்கிக்கொண்டிருந்த நேரம், ஒரு நாள் காலையில் டாக்டர் ஹோல்கம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாடகைக் காரில் வந்திருந்தார். கோட்டு அதேதான், ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். ஆர்வில் அடுப்படி மேசையில் உட்கார்ந்திருந்தான், அப்போதுதான் குளித்துவிட்டு வந்து சட்டையை மாட்டியிருந்தான். பொத்தான் போடவில்லை. நான் போய்ப் போட்டுவிட வேண்டிய நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது.

"உள்ள வரலாமா?" என்றார்.

"வாங்க" என்றான் ஆர்வில், நான் பதில் சொல்வதற்கு முன்னால்.

விஷயம் இதுதான். அவர் ட்ரக்குக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு, அது வேறு கம்பெனி. ஏரி ரோடு இல்லை, அதனால் கொடுக்க முடியாது என்று இரண்டு தடவை மறுத்துவிட்டார்களாம். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் ட்ரக் இனி உதவாது என்று, வெளியே இழுத்தவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் முறையீட்டில் சேர்க்கலாமாம். நாளைக்குள் அனுப்பாவிட்டால் கெடு முடிந்துவிடுமாம்.

"எவ்வளவு போன் பண்ணியும் ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கறான்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும், மேசையைப் பார்த்துக்கொண்டார்.

அவர் கேட்டதில் பொய் இல்லை. உள்ளதை எழுதினால் போதும், நான்கு வரி. என் கை பேனாவுக்குப் போகவில்லை. வெளியே போ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இவ எழுதிக் குடுப்பா" என்றான் ஆர்வில். "நான் சட்டையைப் போட்டுக்கறேன், அது முடிஞ்சதும் எழுதிக் குடுப்பா. உக்காருங்க டாக்டர்."

அவர் உட்கார்ந்தார். நேர் எதிரே. ஆர்வில் முதல் பொத்தானைப் பிடித்தான். வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் அதை நிறுத்த வேண்டும், இடது கையால் துளையைக் கொண்டுவர வேண்டும். பொத்தான் நழுவியது. மறுபடி பிடித்தான். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டான். மறுபடி நழுவியது. அவன் அவசரப்படவில்லை. கோபப்படவும் இல்லை. அடுப்பில் காபி கொதித்து அடங்கியது. நான் நகராமல் நின்றேன், கையை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். போய்ப் போட்டுவிடாமல் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் ஹோல்கமுக்குத் தெரியும் அந்த விரல்களில் என்ன நடக்கிறது என்று. எங்களைவிட நன்றாகத் தெரியும். முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஆர்வில் கையையே பார்த்தார். முதல் பொத்தான் துளைக்குள் பாதி போய் வெளியே வந்துவிட்டது.

அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். "நான் போட்டு விடட்டுமா?" என்று கையை நீட்டினார்.

"விடுங்க டாக்டர். எனக்கு இன்னிக்கு ஒரு வேலையும் இல்ல" என்றான் ஆர்வில். மறுபடி முதலிலிருந்து பிடித்தான்.

டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார். காகிதம் கேட்கவில்லை. வாடகைக் கார் சரளைக் கல்லில் பின்னால் போகிற சத்தமும், ரோட்டில் ஏறுகிற சத்தமும் கேட்டது.

ஆர்வில் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டான். சத்தம் ஓயும்வரை பொத்தானை விடவில்லை.

"போயிட்டானா?" என்றான்.

"போயிட்டான்."

அவன் கைகள் இரண்டையும் மேசையில் வைத்தான். "சரி. இப்ப வந்து போட்டு விடு" என்றான்.